ஒரே ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்க முடியும் என்றால்...

கேள்வி: எனக்கு வயது 46. கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கிடைத்துவிட்டது. அடிப்படைப் பயிற்சியும் முடிந்துவிட்டது. எங்கள் வீடு ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறது. அதனால் முதலில் வீட்டுப் பாதுகாப்பு. மாதம் இரண்டு முறை சுடுதளத்துக்குப் போய்ப் பழகவும் ஆசை. எப்போதாவது காட்டுப் பாதையில் நடக்கப் போவோம், அப்போது இடுப்பில் இருந்தால் நல்லது. மூன்றுக்கும் ஒரே துப்பாக்கி. அதற்கு மேல் கையில் பணம் இல்லை. என் மனைவியும் பழகிக்கொள்ள விரும்புகிறார், அவருக்குக் கை சிறியது. நண்பர் ஒருவர் பாயின்ட் 44 மேக்னம் வாங்கச் சொல்கிறார். மைத்துனரோ சட்டைப் பையில் அடங்கும் குட்டி ரிவால்வர் போதும் என்கிறார். வீட்டில் 9 வயது மகன் இருக்கிறான். எதை வாங்குவது? லேசர் குறிகாட்டி பொருத்தியதாகப் பார்க்கவேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நண்பர், மைத்துனர் இருவரின் யோசனையையும் ஒதுக்கிவையுங்கள். இருவரும் உங்கள் மேல் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒருவர் சொல்வது உங்களால் தீனி போட முடியாத யானை. இன்னொருவர் சொல்வது குருவி தலையில் பனங்காய்.

யானையை முதலில் பார்ப்போம். பாயின்ட் 44 மேக்னம் 1955இல் வந்தது. பெரிய விலங்குகளை வேட்டையாடுபவர்களை மனத்தில் வைத்து உருவான தோட்டா. சத்தமும் உதைப்பும் புதியவரை மிரட்டிவிடும். இரண்டு பெட்டி சுடுவதற்குள் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உதறித் தள்ள மாதங்கள் ஆகும். தோட்டா விலையும் அதிகம். மாதம் இரண்டு முறை போக நினைத்தவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவார்.

குட்டி ரிவால்வரின் சங்கடம் வேறு. பார்க்கச் சாதுவாக இருப்பதால் புதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதையே எடுத்து நீட்டுகிறார்கள். நான் இதைப் பலமுறை பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். துப்பாக்கி இலேசாக ஆக ஆக, அதே தோட்டாவின் உதைப்பு கையில் கூடுதலாக உறைக்கும். இரண்டு அங்குலக் குழலில், குறிபார்க்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவு. இம்மி பிசகினாலும் குண்டு எங்கோ போய் விழும். விசை கனமானது, பிடியோ மூன்று விரலுக்குக்கூடப் போதாது. நன்கு தேறியவர்கள் மறைத்து எடுத்துச் செல்வதற்காகப் பொறுத்துக்கொள்ளும் கருவி அது. முதல் துப்பாக்கியாக, அதுவும் ஒரே துப்பாக்கியாக, வாங்கத் தக்கதல்ல.

இனி நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று. துப்பாக்கிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மற்றவற்றுக்கு? பூட்டுப் பெட்டி, காதுக் கவசம், கண்ணாடி, இடுப்பில் மாட்ட நல்ல உறை, துடைக்கும் சாமான்கள், மேல்பயிற்சிக் கட்டணம், முதல் சில நூறு தோட்டாக்கள். என் கணக்கில் மொத்தப் பணத்தில் பாதிக்குச் சற்று மேல் துப்பாக்கிக்கு, மீதி இவற்றுக்கு. முழுப் பணத்தையும் கொட்டி உயர்ந்த ரகத் துப்பாக்கி வாங்கி, பெட்டியும் தோட்டாவும் இல்லாமல் அலமாரியில் வைத்திருப்பவரைவிட, நடுத்தரத் துப்பாக்கியால் மாதாமாதம் சுட்டுப் பழகுபவர் பல மடங்கு மேலானவர்.

எனவே தோட்டாவிலிருந்து தொடங்குங்கள். துப்பாக்கியை ஒருமுறைதான் வாங்குகிறீர்கள். தோட்டாவை ஆயுள் முழுக்க வாங்கப்போகிறீர்கள். ஜார்ஜ் லூகர் 1902இல் கொண்டுவந்த 9 மி.மீ. பாரபெல்லம்தான் இன்று உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா. மிகுதியாகத் தயாராவதால் பெரும்பாலான இடங்களில் அந்த வலுவுள்ள தோட்டாக்களில் விலை குறைந்ததும் அதுவே. உதைப்பு தாங்கக்கூடியது, வீட்டுப் பாதுகாப்புக்குப் போதுமானது. ஒரு முன்னெச்சரிக்கை: சில நாடுகளில் இதை இராணுவத் தோட்டா என்று சொல்லிப் பொதுமக்களுக்கு அனுமதிப்பதில்லை. உங்கள் உரிமத்தில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பல இடங்களில் உரிமம் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. மனைவி கையில் எடுக்கும் முன் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

9 மி.மீ. என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. 9×19 என்பதுதான் பாரபெல்லம். 9×18 என்பது மகரோவ், 9×17 என்பது பாயின்ட் 380. மூன்றும் வெவ்வேறு தோட்டாக்கள், ஒன்றுக்கு ஒன்று பதிலாகாது. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் குழலின் மேல் என்ன பொறித்திருக்கிறது என்பதையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

துப்பாக்கியின் உருவம்? நடுத்தரம். சுமார் நான்கு அங்குலக் குழல், முழுக்கை பிடிக்க இடமுள்ள பிடி, எடை 600 முதல் 700 கிராம் வரை. பாலிமர் (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டமுள்ள 9 மி.மீ. பிஸ்டல்கள் பலவும் இந்த அளவில் கிடைக்கின்றன. 1988இல் வந்த கிளாக் 19 இந்த வகைக்கு அளவுகோலாகிவிட்டது. 15 தோட்டா கொள்ளும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி வரிசையில் பிடியின் பின்புறப் பட்டையைக் கழற்றி வேறு அளவு மாட்டலாம். இரண்டு பேர் கை வெவ்வேறு அளவில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு இந்த வசதி பெரிது. எந்தப் பெயர் என்பதில் பிடிவாதம் வேண்டாம். பழுது பார்ப்பவரும் உதிரி பாகமும், தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினும் உங்கள் பக்கத்தில் எதற்குக் கிடைக்கின்றனவோ, அது.

ரிவால்வரை ஒதுக்கிவிட்டதாக நினைக்கவேண்டாம். சொல்லப்போனால் என் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். பாயின்ட் 357 மேக்னத்துக்குச் செய்த நான்கு அங்குல ரிவால்வரில் பாயின்ட் 38 ஸ்பெஷலையும் சுடலாம். 1898இல் வந்த 38 ஸ்பெஷலின் தோட்டா உறையைச் சுமார் 3 மி.மீ. நீட்டித்தான் 1935இல் 357 மேக்னத்தை விற்பனைக்கு விட்டார்கள். பழைய, வலுக்குறைந்த ரிவால்வருக்குள் புதிய தோட்டா நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். 38 என்று பெயர் இருந்தாலும் அந்தக் குண்டின் விட்டமும் 0.357 அங்குலம்தான், பெயர் வைத்தவர்கள் அளவுநாடாவை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள் போலும். பழக்கத்துக்கு மென்மையான 38, காட்டுக்கு 357 என்று ஒரே துப்பாக்கி இரண்டு வேலை செய்யும். தலைகீழாக மாற்றிச் சுடக் கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்: 38க்கு மட்டும் செய்த ரிவால்வரில் 357 கூடாது.

பிறகு ஏன் உங்களுக்கு 9 மி.மீ. சொல்கிறேன்? மாதம் இரண்டு முறை சுடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு தோட்டா செலவழிப்பவருக்கு விலை வித்தியாசம் ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். கனமான ரிவால்வர் ஒரு கிலோவைத் தொடும். அதன் விசையை முழு நீளத்துக்கு இழுக்கச் சிறிய கைக்குச் சிரமம். ஆண்டுக்கு நான்கு முறைதான் சுடுவேன், பெரும்பாலும் காட்டில்தான் நடப்பேன் என்று எழுதியிருந்தால் என் பதில் மாறியிருக்கும். பெரிய விலங்குகள் உள்ள காடென்றால் எந்தக் கைத்துப்பாக்கியையும் நம்பிப் போகாதீர்கள் என்பது வேறு விஷயம்.

பிஸ்டலில் ஒரு தடை இருக்கிறது. குழலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வலுவில்லை என்று பலர் பின்வாங்குகிறார்கள். வலுவைவிட முறைதான் முக்கியம். ஸ்லைடை இழுப்பதற்குப் பதில், ஒரு கையால் ஸ்லைடை மேலிருந்து அள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிடியை முன்னால் தள்ளவேண்டும். உங்கள் மனைவி கடையிலேயே இதைச் செய்து பார்க்கட்டும். விசைமேல் விரல் நுனிச் சதை சரியாகப் படிகிறதா, அதற்காகப் பிடியைத் திருக வேண்டியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். திருக வேண்டியிருந்தால் அடுத்ததை எடுங்கள். சுடுதளத்தில் வாடகைக்குக் கிடைக்குமானால் இருவரும் 50 தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த வாடகை வீண்செலவு அல்ல.

பணம் குறைவு என்கிறீர்கள், பழையதைப் பாருங்கள். துப்பாக்கிகளில் பல அதிகம் சுடப்படாமலேயே கை மாறுகின்றன. வெளிப்பூச்சு தேய்ந்திருப்பது ஒரு குறையே அல்ல, உறையில் வைத்து எடுத்த தடம் அது. குழலுக்குள் வெளிச்சம் காட்டிப் பாருங்கள்: சொறிபிடித்த குழிகளும் மோதிரம்போல் வளையமாக ஒரு நிழலும் கூடாது. அந்த வளையம் குழல் ஒருமுறை வீங்கியதற்கு அடையாளம். மேகசின் வாய் வளையாமல் இருக்கவேண்டும். சுருள்வில் தளர்ந்திருந்தால் கவலையில்லை, அது மலிவான உதிரி. ரிவால்வரானால், காலி என்று உறுதி செய்தபின் பின்புறமுள்ள சுத்தியலை மெதுவாக இழுத்து, ஒவ்வோர் அறையிலும் உருளை சரியாகப் பூட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஆறில் ஒன்று தயங்கினாலும் வேண்டாம்.

மகனைப் பற்றி ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கடிதத்தில் பெரியது. உயரமான அலமாரி, துணிகளுக்கு அடியில், மெத்தைக்குக் கீழ் என்ற இடங்களெல்லாம் 9 வயதுப் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்த இடங்கள். துப்பாக்கி வீட்டுக்கு வரும் நாளுக்கு முன்பே பூட்டுப் பெட்டி வந்து, சுவரிலோ தரையிலோ திருகி இறுக்கப்பட்டிருக்கவேண்டும். இருட்டிலும் விரலால் தடவித் திறக்கக்கூடிய எண் பொத்தான் பெட்டி உங்களுக்கு ஏற்றது. எண் உங்கள் இருவருக்கு மட்டும். பிறந்தநாள் எண் வைக்காதீர்கள், முதலில் அதைத்தான் அவன் அழுத்திப் பார்ப்பான். வேறு வழியாகத் துப்பாக்கியைக் காண நேர்ந்தால் தொடாமல் விலகிவந்து பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்று அவனிடம் ஒருமுறைக்குப் பலமுறை சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டோம் என்று பூட்டைத் தளர்த்தாதீர்கள்.

மேகசினைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலி என்று நினைப்பது நேரும் விபத்துகளுக்குப் பழைய காரணம். குழலறைக்குள் ஒரு தோட்டா அப்படியே இருக்கலாம். முதலில் மேகசினைக் கழற்றவேண்டும், பிறகு ஸ்லைடைப் பின்னிழுத்து அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்க்கவேண்டும். வரிசை மாறினால் வெளியே விழுந்த தோட்டாவின் இடத்தை அடுத்தது பிடித்துக்கொள்ளும். இருவரும் இதை அனிச்சையாகச் செய்யும்வரை பழகுங்கள்.

தோட்டா வாங்கப் பணம் இல்லாத மாதங்களில் வீட்டிலேயே வெறுமனே விசை இழுத்துப் பழகலாம். துப்பாக்கியை இரண்டு முறை காலி பார்த்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்து, கனத்த சுவரை நோக்கி. முன்குறி அசையாமல் விசை விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். நாளைக்குப் பத்து நிமிடம் போதும். இன்றைய 9 மி.மீ. பிஸ்டல்களுக்கு இதனால் பொதுவாகக் கெடுதல் இல்லை. பாயின்ட் 22 துப்பாக்கிகள் பலவற்றில் மட்டும் இது கூடாது; தோட்டாவை அடிக்கும் ஊசி நேராக அறையின் விளிம்பில் மோதும்.

சுடுதளத்தில் காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு தோட்டாதானே என்று சுடாதீர்கள். கைத்துப்பாக்கி வெடிப்பு 140 டெசிபலைத் தாண்டும், ஒன்றே காதைக் கெடுக்கப் போதும். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் படிவது ஈயப் புகை.

லேசரைக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்தப் பணத்துக்கு இரண்டு உபரி மேகசின் வாங்குங்கள். மீதமிருந்தால் ஒரு நல்ல கைவிளக்கு. இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் சுடவே கூடாது. அது தாமதமாக வீடு திரும்பிய உங்கள் மைத்துனராகவும் இருக்கலாம்.