படத்துக்குக் கீழே ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

மகளின் பள்ளி விழாவுக்காகக் கலை, விளையாட்டு முன்னோடிகள் பத்துப் பெண்களின் படங்களை வைத்து ஒரு பேனர் தயாரிக்கிறேன். மாதிரியை இணைத்திருக்கிறேன். பரதநாட்டியக் கலைஞர்களான பாலசரஸ்வதியையும் ருக்மிணி தேவியையும் அடுத்தடுத்து வைக்கலாமா? ஹோமாய் வியாறவாலாவுக்கு ‘இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்’ என்ற ஒரு வரி போதுமா? இவர்களைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

ர.

அன்புள்ள ர.,

பயன் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்களும் சொல்லாதீர்கள். பாலம்மாவும் ருக்மிணி தேவியும் நடனத்தில் சிருங்காரம், அதாவது காதல் ரசம், என்ற விஷயத்தில் ஒத்துப்போனதே இல்லை. ஆனால் பேனரில் சண்டை வராது, பக்கத்திலேயே வையுங்கள்.

பத்துப் பேருக்கும் ‘முதல்’, ‘முதல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பி.டி. உஷாவுக்குக்கூட எங்கிருந்தோ ஒரு ‘முதல்’ பிடித்துவந்துவிட்டீர்கள். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் அவர் வந்தது நான்காவதாக. நூறில் ஒரு நொடியில் வெண்கலம் போயிற்று. இத்தனை வருஷமாக நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த நான்காம் இடத்தைத்தானே? சரி, அதை விடுங்கள்.

ஹோமாய் 1913இல் நவ்சாரியில் பிறந்தவர். கேமரா கற்றுக்கொடுத்தவர் பின்னாளில் கணவரான மானெக்‌ஷா. அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் ஆரம்பத்தில் ஹோமாய் எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்தது மானெக்‌ஷா பெயரில். அப்புறம் ‘டால்டா 13’ என்ற புனைபெயர். சேலையைக் கட்டிக்கொண்டு, கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு நேருவையும் மவுண்ட்பேட்டனையும் எடுத்தவர், 1970இல் கேமராவை வைத்துவிட்டார். பத்ம விபூஷண் வந்தது 2011இல். அடுத்த ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். ‘முதல் பெண்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், கணவர் பெயரில் படம் வந்த அந்த வருஷங்களை எங்கே வைப்பீர்கள்?

எங்கள் பெரியப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். ரீடச்சிங் முழுக்கப் பெரியம்மா. நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார். நெகட்டிவில் கறுப்பு ஏற்றினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் அப்படித்தான் மறைந்தன. படத்தின் பின்னால் பெரியப்பா பெயர் ரப்பர் ஸ்டாம்பாக விழும். “உங்க பேரையும் போடலாமே பெரியம்மா” என்றேன் ஒருமுறை. “பேரு போட்டா தழும்பு போயிடுமாடா?” என்று சிரித்தார். அதைப் பெருந்தன்மை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மடத்தனம். அவர் கேட்கவில்லை, நாங்கள் போடவில்லை, அவ்வளவுதான். அவர் இறந்தபோது மாலை போட ஒரு தனிப் படம் இல்லை. கல்யாண குரூப் போட்டோ ஒன்றிலிருந்து வெட்டிப் பெரிதாக்கினோம். பக்கத்தில் நின்றவரின் நிழல் கன்னத்தில் விழுந்திருந்தது. அதை எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் படத்துக்குள் இருந்தார்.

இப்போது உங்கள் பேனர். பத்துப் படங்கள், எதன் கீழும் எடுத்தவர் பெயர் இல்லை. ஹோமாய் படத்துக்குக் கீழேகூட! வெட்கமாக இல்லையா உங்களுக்கு? இணையத்தில் அகப்பட்டதை இழுத்துப் போட்டால் கௌரவித்ததாகிவிடுமா? ஒவ்வொன்றாகத் தேடுங்கள், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் ‘எடுத்தவர் பெயர் தெரியவில்லை’ என்று அச்சிடுங்கள். பொடி எழுத்தில் வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, பேனர் அழகாகத்தான் இருக்கிறது. அந்த மஞ்சளை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். அப்புறம், வியாரவாலாவுக்கு இடையின ர. நீங்கள் போட்டிருப்பது வல்லின ற.