ஹெபடைடிஸ் பி-க்கான ஜீன் சைலன்சிங் ஊசியை, நோயே இல்லாதவர்களுக்கு முதலில் ஏன் போட்டுப் பார்க்கிறார்கள்?

எனக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உண்டு. டெனோஃபோவிர் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அதனால் வைரஸின் ஜீன்கள் வேலை செய்யாமல் அடக்கும் இந்த ஊசிகளைப் பற்றிய செய்தி எது வந்தாலும் விடாமல் படிப்பவன்.

முதல் கட்டச் சோதனையில் முக்கியமான கேள்வி வைரஸ் குறைந்ததா என்பதல்ல, கல்லீரல் தாங்குகிறதா என்பதுதான். என்னைப் போன்ற ஒருவருக்கு ஊசி போட்ட பிறகு ஏஎல்டி (கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதி) ஏறினால் எதைக் காரணம் சொல்வது? மருந்து கல்லீரலைத் தாக்கியிருக்கலாம், நோயே கிளம்பியிருக்கலாம். வைரஸ் புரதம் குறைந்ததும் நோய் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு, தொற்றுள்ள செல்களை அழிக்கத் தொடங்கியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது நல்ல அறிகுறியாகக்கூட இருக்கும்! வைரஸே இல்லாத உடம்பில் இந்தக் குழப்பம் கிடையாது, சந்தேகம் நேராக மருந்தின் மேல் விழும்.

ஏஎல்என்-ஹெச்பிவி என்ற மருந்தில் அப்படித்தான் ஆனது. ஆரோக்கியமானவர்களுக்கே ஏஎல்டி ஏறியது. இந்த வகை மருந்து ஒரு குட்டி ஆர்என்ஏ துண்டு. வைரஸின் ஆர்என்ஏவோடு ஒட்டி அதைத் துண்டிக்க வைக்கும். ஆனால் அந்தத் துண்டின் முனையருகே உள்ள சில எழுத்துகள் (ஆர்என்ஏவின் அடிப்படை அலகுகள்) நம் சொந்த ஜீன்களோடும் அரைகுறையாகப் பொருந்திவிடலாம். எழுத்து வரிசையை அப்படியே வைத்து, அந்த இடத்தில் மட்டும் வேதியியல் மாற்றம் செய்து விஐஆர்-2218 என்று கொண்டுவந்தார்கள். ஏஎல்டி ஏற்றம் நன்றாகக் குறைந்தது. நோயாளிகளிடம் மட்டும் சோதித்திருந்தால் இது இவ்வளவு தெளிவாகப் பிடிபட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதற்காக மனிதர்களிடம் பெரிய தொந்தரவு இல்லை என்றதும் நிம்மதியாகிவிட முடியாது. இதே வகையைச் சேர்ந்த ஏஆர்சி-520 என்ற மருந்து நோயாளிகளிடம் சோதனையில் இருந்தபோதே, 2016 நவம்பரில் கைவிடப்பட்டது. குரங்குகளிடம் நடந்த நச்சுத்தன்மைச் சோதனையில் சில இறந்துபோயின. சந்தேகம் ஆர்என்ஏ மேல் விழவில்லை, அதைக் கல்லீரல் செல்லுக்குள் கொண்டுபோகும் ஈஎக்ஸ்1 என்ற பொருளின் மேல் விழுந்தது. அப்புறம் அந்த மருந்தை உருவாக்கிய நிறுவனம் வேறு வழிக்குப் போனது: கல்லீரல் செல்கள் பிடித்துக்கொள்ளும் ஒருவகைச் சர்க்கரையை ஆர்என்ஏவோடு இணைத்து, தோலுக்கடியில் போடும் ஊசி.

இன்னொன்று. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம், இந்த ஊசியின் வேலையோ பல மாதம் நீடிக்கும், திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் சிலருக்குக் குறைந்த அளவு போட்டு, முடிவுகளைப் பார்த்த பிறகே அடுத்த குழுவுக்கு அளவைக் கூட்டுவார்கள். சோதனையில் சேர நினைப்பவர் யாராக இருந்தாலும், கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை மாதம் ரத்தப் பரிசோதனை தொடரும் என்று ஒப்புதல் படிவத்தில் தேடிப் பாருங்கள்.