மூன்று உடுப்பு திரும்பிப் போனது, 410 ராண்ட் கரைந்தது: யார் கட்ட வேண்டிய பணம்?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தீபாவளிக்கென்று இரண்டு மாதத்தில் இணையத்தில் ஆறு உடுப்பு வாங்கினேன். மூன்று அளவு சேரவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்ப 95 ராண்ட் ஆனது. அதில் ஒரு கடை, ‘கையாளும் கட்டணம்’ என்று 50 ராண்டும் முதலில் நான் கட்டிய டெலிவரி 75 ராண்டும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தந்தது. இவை போக, அளவு கொடுத்துத் தைத்து வாங்கிய ரவிக்கை மார்பில் இறுக்கம். அந்தக் கடை திரும்ப எடுக்கவே மாட்டேன் என்கிறது. கூரியருக்குக் கொட்டுவதைவிட, சேராததை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த 50 ராண்டைக் கேட்டு வாங்குங்கள். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள், காரணமே சொல்லாமல் வாங்கியதை ரத்து செய்யலாம். அப்படிச் செய்தால் விற்பவர் உங்கள் தலையில் கட்டக்கூடியது ஒன்றுதான்: திருப்பி அனுப்பும் நேரடிச் செலவு. கையாளும் கட்டணம், மறுபடி அடுக்கும் கட்டணம் என்று எந்தப் பெயரிலும் வேறெதுவும் பிடிக்க முடியாது. கட்டிய பணம் ரத்து செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முழுதாகத் திரும்ப வேண்டும். முதலில் கட்டிய டெலிவரி 75 ராண்டும் ‘கட்டிய பணம்’தான் என்பது என் வாதம், அதையும் சேர்த்தே கேளுங்கள். ‘எங்கள் விதியில் அப்படித்தான் இருக்கிறது’ என்ற பதில் செல்லாது. இந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது.

ஆனால் 7 நாளுக்குள் ரத்து செய்ததற்கு எழுத்தில் சான்று வேண்டும். போனில் சொன்னதை நிரூபிப்பது கடினம். ஆர்டர் எண், பொருள் கிடைத்த தேதி, ‘44ஆம் பிரிவின்படி ரத்து செய்கிறேன்’ என்ற ஒரு வரி, இவ்வளவும் மின்னஞ்சலில் போகட்டும். பார்சல் போய்ச் சேர இன்னும் சில நாள் ஆனாலும், தேதிக்குச் சான்று அந்த மின்னஞ்சல்தான். விற்பவர் அசையவில்லை என்றால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான தகராறைப் பார்க்கும் நுகர்வோர் சரக்கு, சேவை ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பவர்) புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அதற்கும் முதலில் விற்பவருக்கே எழுதிய சான்றைக் கேட்பார்கள்.

அடுத்து அந்த 95 ராண்ட். உடம்புக்குச் சேரவில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால் அது உங்கள் செலவு. கடை சொன்ன அளவும் வந்த அளவும் வேறு என்றால் கதையே மாறுகிறது. விவரத்தைப் பார்த்து வாங்கிய சரக்கு அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையுள்ள சரக்கை ஆறு மாதத்துக்குள் விற்பவர் செலவிலேயே திருப்பலாம் என்கிறது அதன் 56ஆம் பிரிவு. எனவே திருப்பி அனுப்பப் பார்சல் கட்டும் முன் அளந்து பாருங்கள். குர்தாவைத் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, அக்குளிலிருந்து அக்குள் வரை டேப் பிடித்து, வருவதை இரட்டியுங்கள். 45 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 90. அளவுப் பட்டியலில் அந்த சைஸுக்கு மார்பு 96 என்று போட்டிருந்தால் தப்பு அவர்களுடையது, டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள். பட்டியல் உடம்பின் அளவைச் சொல்கிறதா, துணியின் அளவையா என்றும் பாருங்கள். இழுபடாத பருத்தித் துணி உடம்பைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால்தான் மூச்சுவிட இடம் இருக்கும். 96 உடம்புக்கு 102 துணி வந்தால் அது சரியான அளவே.

சும்மா ‘குறையுள்ளது’ என்று டிக் போட்டு 95 ராண்டைத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அவர்கள் பிரித்துப் பார்த்து, குறை இல்லை என்று உங்களுக்கே திருப்பி அனுப்பினால் இரண்டு கூரியர் செலவு விழும்.

ரவிக்கையில் கடை சொல்வது பாதி சரி. உங்கள் அளவுக்கென்று தைத்த பொருளுக்கு அந்த 7 நாள் உரிமை கிடையாது. ஆனால் நீங்கள் 38 அங்குலம் கொடுத்து அவர்கள் 36 தைத்திருந்தால், நீங்கள் மனம் மாறியதாக ஆகாது, அவர்கள் செய்த பிழை. 10 வேலை நாளுக்குள், நீங்கள் அனுப்பிய அளவுச் சீட்டின் படத்தோடு எழுதுங்கள். உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பிரிக்காமலே பாருங்கள். இரண்டு பக்கமும் 2 சென்டிமீட்டர் மடிப்பு விட்டிருந்தால், அரை சென்டிமீட்டர் மிச்சம் வைத்து, நான்கு ஓரத்திலும் ஒன்றரை வீதம் 6 சென்டிமீட்டர் வரை விரிக்கலாம், ஊரிலேயே ஒரு தையற்காரர் செய்துவிடுவார். ஆனால் கை வைத்துவிட்டால் திருப்ப முடியாது, முதலில் புகார், பிறகு கத்தரி.

உங்கள் கணக்குக்கு வருவோம். மூன்று பார்சல் 285 ராண்ட். நீங்கள் வைத்துக்கொண்டதும் மூன்றுதான். அதாவது ஒவ்வொன்றின் விலையிலும் 95 ராண்ட் கூடியிருக்கிறது: 399 ராண்ட் குர்தா உண்மையில் 494. சாட்ஸ்வொர்த் சென்டருக்குப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்கும் விலையை இதோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு சைஸ் வரவழைத்து ஒன்றைத் திருப்பும் பழக்கத்துக்கும் இதே கணக்கு. ஒரு சைஸ் வாங்கிப் பாதி தடவை தவறினால், திருப்ப 95, மறு டெலிவரி 75, சராசரி 85 ராண்ட். இரண்டு வாங்கினால் 95 நிச்சயம், அதோடு கூடுதல் உடுப்பின் பணம் ஒரு மாதம் வரை முடங்கும். திருப்புவது இலவசம் என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள். மிஸ்டர் பிரைஸ், ஃபோஷினி, வுல்வர்த்ஸ் போலக் கடையும் வைத்திருப்பவர்களிடம் வாங்கினால் கிளையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கூரியரே வேண்டாம்.

கூரியர்தான் வழி என்றால் வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்லாதீர்கள். பெப் துணிக்கடையில் கொடுத்து அனுப்பும் பாக்ஸி பை, பார்சலை நாமே வைத்துவிட்டு வரும் பூடோ லாக்கர், போஸ்ட்நெட் கூரியர் கிளை, இவை பொதுவாக மலிவு. விற்பவர் அந்த வழியை ஏற்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைத் தவிருங்கள். நீளம், அகலம், உயரம் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எடையையும் கூரியர்கள் பார்ப்பதுண்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 35க்கு 25க்கு 14 சென்டிமீட்டர் காலணிப் பெட்டி ஒரு கிலோதான் இருந்தாலும் 2.45 கிலோ ஆகிவிடும். மடித்த குர்தா 30க்கு 25க்கு 4 பையில் 0.6 கிலோதான். ரசீதை, பணம் கணக்கில் விழும்வரை வைத்திருங்கள்.

யாருக்காவது கொடுப்பதா? 140 ராண்ட் லெக்கிங்ஸைத் திருப்பினால் மிஞ்சுவது 45, அதைத் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள். 300க்கு மேல் போனால் திருப்புங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இந்த எல்லை இன்னும் மேலே போகும்: ஆடைக்கு 45 விழுக்காடு சுங்கமும் அதன்மேல் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் (வாட்) கட்டியிருந்தால், அது விற்பவர் கைக்குப் போன பணமல்ல, அவரிடம் கேட்க முடியாது. தவணையில் வாங்கியதைத் திருப்பினாலும், கடை ரத்தைப் பதியும்வரை அடுத்த தவணை வங்கியிலிருந்து போகும். அந்த நாளில் கணக்கில் பணம் இருக்கட்டும், இல்லையென்றால் தாமதக் கட்டணம் தனியாக வரும்.