எலும்பு சிமெண்ட்ல மருந்து: சேலத்து கேள்விகள்

அம்மாபேட்டை அக்கா: அம்மாவுக்கு முட்டி மாத்தினப்ப சிமெண்ட் வெச்சோம்னாங்க, வீடு கட்டற சிமெண்டா?

இல்லக்கா, பேர்தான் அது. பல்செட் செய்யற அக்ரிலிக் ஜாதி, பிஎம்எம்ஏன்னு சொல்வாங்க. 40 கிராம் பவுடர்ல 20 மில்லி லிக்விட் ஊத்தி கலந்தா தானா சூடாகி சில நிமிஷத்துல கல்லாயிடும். க்ளவுஸ்ல தொட்டுப் பாப்பாங்க, நூல் நூலா இழுத்தா இன்னும் ஆகல, கையில ஒட்டாம சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்தாதான் வெப்பாங்க. நம்ம ஊர் சித்திரை வெயில்ல சீக்கிரம் இறுகும், ஏற்காடு குளிர்ல லேட்டாகும், அதான் ஆபரேஷன் தியேட்டர்ல ஏசிய கவனமா வெக்கறது.

ஓமலூர் தம்பி: அதுல ஆன்டிபயாடிக் அள்ளிப் போட்டுட்டா சீழ் பயமே இல்லல்லண்ணா?

அப்படி இல்லப்பா. 1970லயே ஜெர்மனில புக்ஹோல்ட்ஸ்ங்கற டாக்டர் ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாடிக்க கலந்து காட்டிட்டாரு. ஆனா மருந்து கூடக்கூட சிமெண்டோட பலம் கொறையும், அதனால மூட்டு நிரந்தரமா நிக்கணும்னா 40 கிராம் பவுடருக்கு மருந்து 2 கிராமுக்குள்ளதான் போடுவாங்க. அதவிட வருத்தம், போட்ட மருந்துல முக்காவாசிக்கு மேல உள்ளயே மாட்டிக்கும். மேலாப்ல இருக்கறது முதல் சில நாள்ல கொட்டிட்டு அப்புறம் சொட்டு சொட்டா கசியும், அந்த சொட்டுல கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிடும்.

ஆத்தூர் அண்ணன்: பாலிமர் சேத்தா சரியாகுமா?

பிஇஜின்னு தண்ணில கரையற பாலிமர் ஒண்ணு இருக்கு, அத சேத்தா கரைஞ்சு ஓட்டை விடும், மருந்து நல்லா வெளிய வரும், ஆனா ஓட்டைன்னா பலம் போச்சு. எனக்கு நம்பிக்கை சைக்ளோடெக்ஸ்ட்ரின் மேலதான். உங்க ஊர் மரவள்ளில எடுக்கறோமே அந்த மாதிரி ஸ்டார்ச்ச என்சைம் வெச்சு மாத்தி செய்யறது, பீட்டா வகைல 7 குளுக்கோஸ் சேந்த வளையம், நடுவுல குழி, மருந்து அதுல போய் உக்காந்துக்கும், மெதுவாத்தான் எறங்கும். இத கரையாத பாலிமர் துகளாக்கி சிமெண்ட்ல கலந்தா, காலியான குழில திரும்ப மருந்து ஏத்தவும் முடியுதுன்னு லேப்ல பாத்திருக்காங்க. ரிஃபாம்பிசின்ங்கற ஆன்டிபயாடிக்க சும்மா கலந்தா சிமெண்ட் சரியா இறுகவே இறுகாது, அதையும் இந்த குழிக்குள்ள ஒளிச்சு வெச்சா இறுகுது. எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது.

ஏற்காடு எஸ்டேட் ஐயா: எனக்கு அடுத்த மாசம் ஆபரேஷன், இத கேட்டு வாங்கலாமா?

இது இன்னும் ஆராய்ச்சில இருக்குங்கய்யா, இதுக்காக ஆபரேஷன தள்ளிப்போடாதீங்க. பண்ணின அப்புறம் முட்டி சூடா வீங்கினாலோ தண்ணி கசிஞ்சாலோ மெடிக்கல்ல கேட்டு மாத்திரை போட்றாதீங்க. மூட்டு நீர எடுத்து டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி மாத்திரை போட்டா என்ன கிருமின்னே தெரியாம போயிடும், மலை எறங்கி நேரா ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயே போங்க.