குமரியில் எஸ்.சி., வள்ளியூரில் எம்.பி.சி.: மகளின் சான்றிதழை மாற்ற வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வண்ணார் சமூகம். கணவருக்குப் பூர்வீகமே கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாதான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆறு முதல் பத்து வரை அரசு உதவி பெறும் பள்ளி, இப்போது அரசு மேல்நிலைப் பள்ளி. நீட் எழுதுகிறாள். அது அமையாவிட்டால் திருவனந்தபுரம் ஐசரில் (IISER, மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம்) இயற்பியல் படிக்க ஆசை. அவள் சான்றிதழில் எஸ்.சி. என்று இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூரில் என் அண்ணன் பிள்ளைகளுக்கு எம்.பி.சி. என்று இருக்கிறது. கன்சல்டன்சி வைத்திருக்கும் ஒருவர், "சென்னை கவுன்சலிங்கில் இது செல்லாது, எம்.பி.சி.யாக மாற்றித் தருகிறேன், 7.5 சதவீத சான்றிதழும் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிறார். மாற்றலாமா? வருங்காலத்தில் இந்த இடஒதுக்கீடெல்லாம் இருக்குமா?

அன்புள்ள சகோதரி,

மகளின் எஸ்.சி. சான்றிதழ் சரியானது. அதைத் தொடாதீர்கள். அந்த ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1950-ல் எஸ்.சி. பட்டியலை மாநிலவாரியாகப் போட்டபோது நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். அந்தப் பட்டியலில் வண்ணான் இருந்தது, சென்னை மாநிலப் பட்டியலில் இல்லை. இணைப்புக்குப் பிறகு நம் பகுதிக்காரர்களின் உரிமை போய்விடக் கூடாது என்பதற்காகத் தமிழ்நாட்டுப் பட்டியலில் 'கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை தாலுகாவிலும்' என்ற குறிப்போடு சேர்த்தார்கள். தண்டான், பரவன் போன்ற சில சாதிகளுக்கும் இதே குறிப்பு உண்டு. 1976-ல் இப்படிப்பட்ட வட்டார எல்லைகள் பலவற்றை நீக்கினார்கள். நம்முடையது அப்படியே நின்றுவிட்டது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். எம்.பி.சி. பட்டியலை எடுத்து வண்ணார் என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள். 'கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை தாலுகா நீங்கலாக' என்று அங்கேயே போட்டிருக்கிறது. அதாவது கல்குளத்துக் குடும்பத்துக்கு எம்.பி.சி. சான்றிதழ் தர சட்டத்தில் வழியே இல்லை. உங்கள் கன்சல்டன்சிக்காரர் மாற்றித் தந்தால் அது பொய்ச் சான்றிதழாகத்தான் இருக்கும். இன்று சீட் கிடைத்தாலும், பிறகு சரிபார்ப்பில் மாட்டினால் சீட்டோடு வழக்கும் வரும். எஸ்.சி. சான்றிதழைச் சென்னையில் மட்டுமல்ல, மத்திய அரசுக் கல்லூரிகளிலும் ஏற்கத்தான் வேண்டும். அது குடியரசுத் தலைவர் உத்தரவில் உள்ள பட்டியல்.

அண்ணன் பிள்ளைகளை நினைத்துக் குழம்ப வேண்டாம். அவர்கள் வள்ளியூர்க்காரர்கள், அவர்களுக்கு எம்.பி.சி. சரி. உங்கள் மகளுக்குத் தகப்பனார் வழிப் பூர்வீகம்தான் கணக்கு, அது கல்குளம். நாளைக்கு நீங்கள் திருநெல்வேலிக்கே குடிபோனாலும் அது மாறாது. இதையே திருப்பியும் பாருங்கள். உங்கள் அண்ணன் நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு பிடித்து பத்து வருஷம் இருந்தாலும் அவர் பிள்ளைகள் எஸ்.சி. ஆக மாட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தையும் புது ரேஷன் கார்டையும் வைத்து 'குமரி எஸ்.சி.' வாங்கித் தருகிறோம் என்று ஒரு கூட்டம் அலைகிறது. ஆகவே பூர்வீகத்துக்கு ஆதாரம் கையில் இருக்கட்டும். கணவரின் சாதிச் சான்றிதழ், மாமனாரின் பள்ளி டி.சி., பழைய நிலப் பத்திரம், எது கிடைத்தாலும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். இன்னொரு விஷயம், எஸ்.சி. தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்குத்தான். குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தால் தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடும். நம் மாவட்டத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

அடுத்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் மகளுக்கு அது கிடையாது. 2020-ல் மருத்துவப் படிப்புக்கும் 2021-ல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்த சட்டங்கள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. உதவி பெறும் பள்ளி அந்தக் கணக்கில் வராது. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, சத்துணவும் அரசுதான். பெற்றோர் அதை அரசுப் பள்ளி என்று நினைப்பதில் என்ன தப்பு? சபைகள் தொடங்கிய உதவி பெறும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கிற இந்த மாவட்டத்தில்தான் இந்த அடி அதிகம் விழுகிறது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே இதைச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. கவுன்சலிங் வரிசையில் நிற்கும்போதுதான் தெரிய வருகிறது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது, உதவி பெறும் பள்ளிகளைச் சேர்க்கச் சொல்லவில்லை.

எந்த வகுப்பை எங்கே படித்தாள் என்பது கல்வித்துறையின் எமிஸ் பதிவில் வருஷவாரியாக இருக்கிறது. தலைமையாசிரியர் கையெழுத்தைப் போலியாகப் போட்டாலும் எமிஸ் காட்டிக் கொடுத்துவிடும். அந்தச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவன் உங்கள் பணத்தை மட்டுமல்ல, மகளின் எஸ்.சி. சீட்டையும் சேர்த்துப் பறிக்கப் பார்க்கிறான்.

அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள். 'சீட் பிளாக் பண்ண' என்று மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு வெளி மாநில நர்சிங் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்று மிரட்டுவது இவர்களின் பழைய தொழில். சாதிச் சான்றிதழுக்கு இடைத்தரகரே தேவையில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாருக்குப் போகும். எஸ்.சி. என்றால் தாசில்தார்தான் கையெழுத்திட வேண்டும். உங்களிடம் இருப்பது பழைய கையெழுத்து அட்டை என்றால் இப்போதே ஆன்லைன் சான்றிதழாக வாங்கிவிடுங்கள். 'சர்வர் இல்லை' என்று நாலு நாள் அலைய விடுவார்கள். அலையுங்கள், வேறு வழியில்லை. இத்தனை வருஷமாகக் கணினி வைத்தும் வரிசை குறையவில்லை என்றால் கோளாறு கணினியில் இல்லை.

நீட் விண்ணப்பத்தில் எஸ்.சி. என்று போடுங்கள். மாநில ஒதுக்கீட்டில் எஸ்.சி.க்கு 18 சதவீதம், அகில இந்திய ஒதுக்கீட்டில் 15. கட்டணம் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்றால் எஸ்.சி. மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. எம்.பி.சி.யாக மாறியிருந்தால் இதுவும் போயிருக்கும்.

வருங்காலம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பெரிய வழக்கு வந்ததே மருத்துவ, பொறியியல் சீட்டுகளில்தான். அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் ஒவ்வொரு 14 சீட்டிலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிமுக்கு 1 என்று பிரித்திருந்தார்கள். செண்பகம் துரைராசன் என்ற பெண் மருத்துவ சீட்டுக்காக வழக்குப் போட, 1951-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. அதே ஆண்டு முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து அதைச் சரிசெய்தது. 1992-ல் 50 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு 69 சதவீதத்துக்குத் தனிச் சட்டம் போட்டது. நாடாளுமன்றம் 1994-ல் அதை, நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்க முடியாதபடி, அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது. தீர்ப்பு வரும், சட்டம் வரும், சீட்டு இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. 2024-ல் எஸ்.சி.க்குள் உள்ஒதுக்கீடு தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எஸ்.சி.க்கும் கிரீமி லேயர் (வசதியானவர்களை விலக்கும் வரம்பு) வேண்டும் என்று சில நீதிபதிகள் கருத்து எழுதினார்கள், அது சட்டமாகவில்லை. உங்கள் மகள் படித்து முடிப்பதற்குள் எல்லாம் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர் எதையாவது விற்க வந்தவராக இருப்பார்.

கடைசியாக ஐசர். திருவனந்தபுரம் அருகே விதுராவில் இருக்கும் அது மத்திய அரசு நிறுவனம், அங்கே எஸ்.சி. இடம் அவளுக்கு உண்டு. அதற்கெனத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, நீட்டை நம்பிக்கொண்டு அதற்கு விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள். ஆனால் திருவனந்தபுரத்தில் கேரள அரசுக் கல்லூரி ஒன்றில் சேர்க்க நினைத்தால் கதை வேறு. கேரளப் பட்டியலிலும் வண்ணான் இருக்கிறது, இருந்தும் தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்து அந்த மாநில எஸ்.சி. சீட்டைக் கேட்க முடியாது. மும்பையில் மருத்துவ சீட் கேட்ட ஓர் ஆந்திர மாணவர் வழக்கில் 1990-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. எல்லையான களியக்காவிளை தாண்டினால், கேரள அரசுச் சீட்டுக்கு அவள் பொதுப் பிரிவுதான். 'கேரள எஸ்.சி. சீட்' என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள்.