பேஸ் கிட்டாரின் ட்யூனிங்கை அடிக்கடி மாற்றினால் கழுத்துக்கு ஆபத்தா?

டிராப் டி என்ற ட்யூனிங்குக்காக, தடித்த நான்காவது கம்பியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்குவதால் பேஸுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் மாற்றலாம். ஆனால் இறக்கும்போது வேண்டிய சுரத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போய், கம்பியை விரலால் லேசாக இழுத்துவிட்டு, பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் முறுக்காணியின் பற்களில் உள்ள தளர்வால் நாலு தடவை மீட்டியதுமே சுருதி நழுவும்.

கவனம் தேவைப்படுவது ஏற்றும்போதுதான். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) அளவு சுருதியை ஏற்றினாலே சுமார் 26% கூடிவிடும். நான்கு கம்பிகளையும் அப்படி ஏற்றினால் கழுத்து முன்னால் வளையும், கம்பி அறுந்தாலும் ஆச்சரியமில்லை. மெல்லிய கம்பி போடாமல் நான் அதைச் செய்ய மாட்டேன்.

எல்லாவற்றையும் இறக்கினால் நேர்மாறு: கழுத்து பின்னால் போகும், கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். நான்கு கம்பிகளையும் பி-இ-ஏ-டி என்ற சுரங்கள் வரை இறக்குவதென்றால், பி-க்கு 0.130 அங்குலம் போலத் தடித்த கம்பி வேண்டும், நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் சிறு கட்டை) பள்ளத்தையும் அகலப்படுத்த வேண்டிவரும். அப்புறம் ட்ரஸ் ராடு, அதாவது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் உலோகத் தண்டு. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். மறுபடி ட்யூன் செய்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

ஒரே மேடையில் இரண்டு ட்யூனிங்கும் வேண்டுமா? முடிந்தால் இன்னொரு பேஸ் எடுத்துச் செல்லுங்கள்.