டிசைன் படிப்பவர் ஸ்கெட்ச் போடுவதையும் ஐடியா தேடுவதையும் ஜூரியில் விளக்குவதையும் எப்படி மேம்படுத்திக்கொள்ளலாம்?

கேள்வி கேட்டவர் புராடக்ட் டிசைன் மாணவர். மூன்று சிக்கல் சொல்லியிருக்கிறார். கோடு தடுமாறுகிறது. இன்ஸ்பிரேஷனுக்காக இணையத்தில் படம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் போடுவதெல்லாம் ஏற்கெனவே இருப்பது போலவே வருகிறது. ஜூரியில், அதாவது ஆசிரியர்களும் வல்லுநர்களும் உட்கார்ந்து வேலையை மதிப்பிடும் அமர்வில், பத்து நிமிடம் பேசி முடித்த பிறகும் "சரி, இதில் உங்கள் ஐடியா எது?" என்று கேட்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் எண்ணம். இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று முடிவு செய்யாமலே பேனாவை எடுத்துவிடுகிறோம். கை பழகுவதற்கு வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன். ஆனால் கோடு எவ்வளவு அழகாக வந்தாலும் கேள்வி இல்லாத ஸ்கெட்ச் அலங்காரமாகத்தான் நிற்கும். எலெக்ட்ரிக் கெட்டில் ஒன்றையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பேப்பர், பேனா. சாதாரண 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பரும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் ஆரம்பத்துக்குப் போதும். விலை உயர்ந்த ஸ்கெட்ச்புக் வாங்கினால் ஒவ்வொரு பக்கத்தையும் நன்றாகப் போட வேண்டுமே என்ற பயம் வந்து, போடும் எண்ணிக்கை குறைந்துவிடும். பால்பாயிண்டில் ஒரு வசதி, லேசாகத் தொட்டால் மங்கலாகவும் அழுத்தினால் கறுப்பாகவும் ஒரே முனை எழுதும். அழிக்க முடியாது என்பதும் நல்லதுதான். பென்சில்தான் பிடிக்கும் என்றால் ஆரம்பக் கோட்டுக்கு எச்பி போதும். 4பி, 6பி போன்ற மென்மையான பென்சில்கள் கை பட்டதும் தாளெல்லாம் இழுகிவிடும்.

மார்க்கரில் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரையும். கோடு போட்டுவிட்டு மேலே ஆல்கஹால் மார்க்கர் இழுத்தால் கோடு கலங்கும், மார்க்கர் முனையும் அழுக்காகும். அதனால் மங்கலான அடிக்கோடு, பிறகு மார்க்கர், அது காய்ந்ததும் அழுத்தமான கோடு என்ற வரிசையில் போகவும். ஜெராக்ஸ் பேப்பரில் மார்க்கர் மறுபக்கம் ஊறி, கோட்டுக்கு வெளியிலும் பரவும். அடியில் வேண்டாத தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லைக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்தினால் அந்தப் பரவலே மீதி இடத்தை நிரப்பிவிடும்.

கோடு தடுமாறக் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டு. மணிக்கட்டை ஊன்றி வரைந்தால் சில சென்டிமீட்டருக்கு மேல் கோடு வளைய ஆரம்பிக்கும். அதை மறைக்கத் துண்டு துண்டாகக் கீறுவோம், கோடு முடி முளைத்தது போலத் தெரியும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் போகும் கோட்டைத் தோளிலிருந்து வரையுங்கள். இரண்டு புள்ளி வையுங்கள், தாளைத் தொடாமல் இரண்டு மூன்று முறை கையை ஓட்டிப் பாருங்கள், கண்ணைப் பேனா முனையில் வைக்காமல் போய்ச்சேரும் புள்ளியில் வையுங்கள், ஒரே இழுப்பில் முடியுங்கள். தப்பினால் பக்கத்தில் சரியான கோடு ஒன்று போடலாம். மூன்றாவது வேண்டாம், எது சரியான கோடு என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். கைக்கு எந்தத் திசை சுலபமோ அந்தத் திசைக்குத் தாளைத் திருப்பிக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை.

கெட்டில் என்றதும் அடுத்து வருவது நீள்வட்டம். இங்கே ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசிப் பிழை போய்விடும். உருளையின் நடு அச்சுக் கோடு எந்தப் பக்கம் போகிறதோ, அதன் மேல்தான் நீள்வட்டத்தின் குட்டை அச்சு படுக்க வேண்டும். நெட்டை அச்சு அதற்குச் செங்குத்தாக வரும். கெட்டில் நேராக நிற்கும்போது இதை யாரும் தவறவிடுவதில்லை. சாய்த்து ஊற்றும் நிலையை வரையும்போதுதான் உடல் மட்டும் சாய்ந்து, மூடியின் நீள்வட்டம் பழைய கிடைமட்டத்திலேயே நின்றுவிடும். அதனால் அச்சுக் கோட்டை முதலில் போட்டுவிடுவது நல்லது. மேலிருந்து பார்க்கும்போது வாய்ப்பக்க நீள்வட்டம் ஒடுக்கமாகவும் அடிப்பக்கம் சற்று விரிந்தும் தெரியும், ஏனென்றால் அடி நம் கண்மட்டத்திலிருந்து இன்னும் தள்ளி இருக்கிறது. மேசையில் உட்கார வேண்டும் என்பதற்காக அடியைத் தட்டைக் கோடாகப் போட்டால் கெட்டில் பாதியில் வெட்டியது போல இருக்கும். இரண்டு ஓரங்களும் கூராக வரக்கூடாது. பேனாவை எடுக்காமல் இரண்டு சுற்று ஓட்டினால் அந்தக் கூர் தானாகவே மழுங்கும்.

பெர்ஸ்பெக்டிவில், அதாவது தூரம் போகப் போகக் கோடுகள் குவிவது போல வரையும் முறையில், இரண்டு வேனிஷிங் பாயிண்டையும் (கோடுகள் போய்ச் சேரும் புள்ளிகள்) தாளுக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அப்படி வைத்தால் முன்மூலை அளவுக்கு மீறிக் கூர்மையாகி, 25 செ.மீ. உயரப் பொருள் ஒரு கட்டடம் போல நிற்கும். சின்னப் பொருளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது கோடுகள் மெதுவாகத்தான் குவியும். புள்ளிகளைத் தாளுக்கு வெளியே, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருப்பதாக மனதில் வைத்துக்கொண்டு வரையுங்கள்.

கோட்டுத் தடிமனுக்கும் காரணம் இருக்கிறது. பின்னால் வெற்றிடம் மட்டுமே இருக்கும் வெளிவிளிம்புக்கு 0.5 மி.மீ. பேனா, இரண்டு பரப்புகள் சந்தித்து இரண்டுமே கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு 0.3, பரப்பின் வளைவைக் காட்டும் குறுக்குவெட்டுக் கோட்டுக்கு 0.1. இந்தக் கடைசிக் கோட்டைத்தான் மாணவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். கைப்பிடி உருண்டையா, தட்டையா, ஒரு பக்கம் மட்டும் வளைந்ததா என்பதை ஷேடிங்கைவிட அந்த மெல்லிய கோடு வேகமாகச் சொல்லிவிடும்.

இனி கேள்வியோடு வரைவது. முதல் பக்கத்தில் மூன்று நான்கு செ.மீ. அளவில் பக்கவாட்டுத் தோற்றம் மட்டும், இருபது முப்பது தம்ப்நெயில் (வேகமாகப் போடும் குட்டிப் படங்கள்). முதலில் வருகிற ஏழெட்டும் நாம் எங்கோ பார்த்த கெட்டில்களாகவே இருக்கும். அவை தீர்ந்த பிறகுதான் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கிறது, அதனால் பத்தில் நிறுத்தினால் பயனில்லை. ஒரு வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் வரிசையில் கைப்பிடி எங்கே, அடுத்ததில் மூடி எப்படித் திறக்கிறது, அதற்கடுத்ததில் மூக்கு எந்த உயரத்தில் தொடங்குகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது நன்மை செய்தது என்று சொல்லவே முடியாது.

பிறகு ஒரு கேள்வியைத் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள்: "ஊற்றும்போது ஆவி கையில் படாமலிருக்கக் கைப்பிடி எங்கே இருக்க வேண்டும்?" கெட்டிலைச் சாய்ந்த நிலையில் வரையுங்கள். உள்ளே நீர்மட்டத்தைக் கிடைமட்டமாகப் போடுங்கள், ஆவிக்கு மேல்நோக்கி அம்புக்குறி, பிடித்திருக்கும் கை. இவ்வளவு செய்ததுமே விஷயங்கள் தெரிய ஆரம்பிக்கும். மூடிக்கு மேலே வளைந்து போகும் கைப்பிடியில் பிடித்தால் விரல்கள் ஆவியின் பாதையில் வந்துவிடும் வாய்ப்பு அதிகம். பின்பக்கக் கைப்பிடியில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் எடை கையிலிருந்து தள்ளிப் போகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்றால் ஒன்றரை கிலோ, அதோடு கெட்டிலின் சொந்த எடை. அந்தத் தூரம் கூடக்கூட மணிக்கட்டு அதிகமாகத் தாங்க வேண்டும். நான்கு விரலும் நுழையக் கைப்பிடியின் உள்நீளம் சுமார் 100 மி.மீ. வேண்டும். விரல் முட்டிக்கும் சூடான உடலுக்கும் நடுவே 35 முதல் 40 மி.மீ. இடைவெளி, பிடியின் தடிமன் 30 முதல் 40 மி.மீ. இவற்றை எழுதிவிட்டுப் பார்த்தால் முதல் பக்கத்துத் தம்ப்நெயில்களில் பாதி தானாகவே கழிந்துவிடும். நிறமும் நிழலும் போட்டு முடித்த எந்த ரெண்டரிங்கும் இதைச் செய்யாது.

மூக்கு நுனிக்குத் தனிக் குறுக்குவெட்டு, நிஜ அளவைப் போல இரண்டு மடங்கில். உதடு தடித்து உருண்டிருந்தால், மெதுவாக ஊற்றும்போது தண்ணீர் அதை ஒட்டிக்கொண்டு வளைந்து அடிப்பக்கம் வழியும். நுனி மெலிந்து கூராகவும் சற்றுக் கீழ்நோக்கித் திரும்பியும் இருந்தால் தண்ணீர் அங்கே சட்டென்று பிரிந்துவிடும். உள்ளங்கை அகலத்தில் இந்த ஒரு படம் இருந்தால், நீங்கள் பொருளைப் புரிந்துகொண்டு வரைகிறீர்கள் என்பது ஜூரிக்கு உடனே தெரியும்.

இன்ஸ்பிரேஷன் பற்றி. கெட்டில் டிசைன் செய்யக் கெட்டில் படங்களையே பார்த்தால் இன்னொரு கெட்டில்தான் வரும். முடிந்த பொருளின் படத்தில் முடிவு மட்டுமே தெரியும், அதற்கான காரணம் தெரியாது. ஜப்பானின் 500 வரிசை ஷிங்கான்சென் ரயில் 1997-ல் ஓடத் தொடங்கியது. ரயில் வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும்போது உள்ளே அழுத்த அலை உருவாகி, மறுவாயில் பெரிய சத்தமாக வெடித்துக் கிளம்பும் சிக்கலுக்கு விடை தேடிக்கொண்டிருந்தார்கள். பறவை பார்ப்பதில் ஆர்வமுள்ள பொறியாளர் எய்ஜி நகாட்சு மீன்கொத்தியைக் கவனித்தார். காற்றிலிருந்து தண்ணீருக்குள் பாயும்போது அது அதிகம் தெறிக்க விடுவதில்லை. அவர் எடுத்துக்கொண்டது பறவையின் அழகை அல்ல. முனையிலிருந்து குறுக்குவெட்டு படிப்படியாகப் பெருகும் விதத்தை எடுத்துக்கொண்டார். அந்த ரயிலின் மூக்கு மட்டும் 15 மீட்டர். இன்ஸ்பிரேஷன் படங்களைச் சேர்த்து ஒட்டும் உங்கள் மூட்போர்டிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பறவையின் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது கொள்கை நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் அது வெறும் உருவ ஒற்றுமை, ஜூரியில் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

தினம் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். ஸ்டேப்ளர், ஸ்ப்ரே பாட்டில் விசை, குடையின் பூட்டு என்று நகரும் பகுதி உள்ள எதையாவது எடுத்து, முடிந்தால் பிரித்து, மூன்று படம் போடுங்கள்: வெளித்தோற்றம், வெட்டுத்தோற்றம், நகரும் பகுதியின் இரண்டு நிலைகள். பக்கத்தில் வினைச்சொல்லில் எழுதுங்கள்: "ஒரு விரலால் அழுத்தினால் திறக்கிறது, விட்டதும் தானே மூடுகிறது." கெட்டில் மூடிக்கு ஐடியா தேடும் நாளில் "அழகான மூடி" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. இந்த வினைச்சொல்லோடு தேடினால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று எங்கிருந்தெல்லாமோ வழி வரும். மூட்போர்டில் ஆறு முதல் எட்டுப் படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் அதிலிருந்து எதை எடுக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராத படத்தை எடுத்துவிடுங்கள்.

ஜூரி. "உங்கள் ஐடியா எது?" என்று கேட்கிறார்கள் என்றால் அதை நீங்கள் எட்டாவது நிமிடத்தில் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள். முதல் வாக்கியத்திலேயே யாருக்கு, எப்போது, என்ன தொல்லை, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வந்துவிட வேண்டும். "மூட்டுவலி உள்ளவர் நிறைந்த கெட்டிலை ஊற்றும்போது மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பாமல் ஊற்றும்படி கைப்பிடியை மாற்றியிருக்கிறேன்." ஆய்வு, சர்வே எல்லாம் இதற்குப் பிறகு, இதற்குத் தேவையான அளவுக்கு மட்டும்.

மூன்று கான்செப்ட் காட்டினால் மூன்றையும் ஒரே அளவில், ஒரே கோணத்தில், ஒரே அளவு ஃபினிஷில் காட்டுங்கள். ஒன்றுக்கு மட்டும் முழு ரெண்டரிங் செய்து மற்ற இரண்டையும் பென்சிலில் விட்டால், ஜூரி ஐடியாவை ஒப்பிடுவதில்லை, வரைந்த உழைப்பைத்தான் ஒப்பிடுகிறது. நீங்கள் வேண்டுமென்றே தேர்வை ஒரு பக்கம் தள்ளுகிறீர்கள் என்ற சந்தேகமும் வரும். மூன்றும் கேள்விக்கு மூன்று வேறு பதில்களாக இருப்பது அவசியம். நிறம் மட்டும் மாறினால் அது ஒரே கான்செப்ட்தான். எல்லாப் படத்திலும் ஒரு கையை வரைந்துவிடுங்கள், அளவு பற்றிய கேள்வியே எழாது. அட்டையிலோ தெர்மோகோலிலோ நிஜ அளவில் ஒரு மாக்கப் (மாதிரி உருவம்) செய்து, உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைச் செருகி அவர்கள் கையில் கொடுத்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

சுவரில் ஒட்டும் போர்டை இரண்டு மீட்டர் தள்ளி நின்று நீங்களே படித்துப் பாருங்கள். எழுத்தின் உயரம் 7 மி.மீ.க்குக் குறைந்தால் அங்கிருந்து படிக்கச் சிரமம். ஸ்கெட்ச்சை போனில் படமெடுப்பதாக இருந்தால் கிட்டே குனியாமல், தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். கிட்டே எடுத்தால் ஓரக் கோடுகள் வளைந்து, நீங்கள் பாடுபட்டுப் போட்ட நீள்வட்டம் கோணலாகத் தெரியும். ஸ்கேன் என்றால் 300 டிபிஐ. தாளை வெள்ளையாக்கப் படத்திருத்தும் மென்பொருளில் லெவல்ஸை (வெளிச்ச அளவை) இழுக்கும்போது மெல்லிய குறுக்குவெட்டுக் கோடு மறையும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

"மாடர்ன் லுக்", "கிளீன் ஃபார்ம்" போன்ற சொற்களைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். "மூடியும் கைப்பிடியும் ஒரே பரப்பாக ஓடுவதால் அழுக்கு சேரும் இடுக்கு இல்லை" என்று சொன்னால் அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியும். "இன்னும் முடிக்கவில்லை" என்று நீங்களே ஆரம்பிக்க வேண்டாம். அதற்குப் பிறகு அவர்கள் கண் முடியாததை மட்டுமே தேடும்.

விமர்சனம் வரும்போது உடனே பதில் சொல்லாமல், நண்பர் ஒருவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே எழுத முயன்றால் இரண்டுமே கெடும். பிறகு பிரித்துப் பாருங்கள். அளவுப் பிழை என்றால் திருத்த வேண்டும். ரசனை சார்ந்தது என்றால் யோசிக்கலாம். புரிந்துகொள்ளாமல் கேட்டது என்றால், உங்கள் எந்தப் படம் தெளிவாக இல்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது. இந்த மூன்றாவது வகைதான் அடுத்த ஜூரிக்கு அதிகம் உதவும்.

கழித்துவிட்ட யோசனைகளின் தாள்களைத் தூக்கிப்போடாதீர்கள். ஓரத்தில் தேதி, வரிசை எண், ஏன் கழித்தோம் என்று ஒரு வரி. "மேல் கைப்பிடி ஏன் வைக்கவில்லை?" என்று யாராவது கேட்டால் வாயால் வாதாட வேண்டியதில்லை, ஆவி அம்புக்குறி போட்ட அந்தப் பக்கத்தை எடுத்து வைத்தாலே போதும்.